பெட்டிக்குள் ஒரு ரோமாபுரி



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பெற்றோர்களிடமிருந்து என் காதுக்கு வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான். "பையன் கைப்பேசியைக் கீழே வைக்கமாட்டேங்கிறான், சார். சோத்துத் தட்டுக்கு முன்னாலயும் அதுதான், பாயிலயும் அதுதான்." சென்ற மாதம் ஒரு தாயார் கணக்கோடு வந்தார். விளையாட்டுக்குள் ஏதோ வைரம் வாங்குகிறேன் என்று மகன் அப்பாவின் முன்கட்டணத்திலிருந்து அறுபது வெள்ளியைக் கரைத்துவிட்டானாம். அறுபது வெள்ளி என்றால் அந்த வீட்டில் எத்தனை நாள் காய்கறிச் செலவு என்பது அவருக்குத் தெரியும், பையனுக்குத் தெரியவில்லை.

இதற்கு நான் என்ன சொல்வேன் என்று எதிர்பார்த்து வந்தாரோ, அதை நான் சொல்லவில்லை. "விளையாட்டை நிறுத்துங்கள்" என்று சொல்வது சுலபம். மூன்றாவது நாள் பையன் பக்கத்து லயத்தில் போய் விளையாடுவான். "எந்த விளையாட்டு?" என்றுதான் கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லாமே "கேம்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. கள்ளும் மோரும் வெள்ளையாகத்தான் இருக்கின்றன.

ஆகவே இந்த இதழில் ஒரு பழைய விளையாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். 1990-ல் வெளிவந்தது. பெயர் "செஞ்சுரியன்: டிஃபெண்டர் ஆஃப் ரோம்". தமிழில் சொன்னால் நூற்றுவர் தலைவன், ரோமாபுரியின் காவலன். கெலின் பெக் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வெளியிட்டது. முதலில் ஐ.பி.எம். ரகக் கம்ப்யூட்டருக்கும், பிறகு அமிகா, சேகா பெட்டிகளுக்கும் வந்தது. இன்றைய பிள்ளைகள் படத்தைப் பார்த்தால் சிரிப்பார்கள். சிப்பாய்கள் எறும்பு போல இருப்பார்கள், வண்ணமும் குறைவு. ஆனால் அந்த எறும்புகளுக்குள் இருக்கும் விஷயம் பெரியது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வீடியோ விளையாட்டுகளில் இரண்டு பெரிய வகை உண்டு. ஒன்று கை வேகத்தால் ஆடுவது. கண் இமைத்தால் செத்தோம். மற்றொன்று முறை வைத்து ஆடுவது. நான் ஒரு காய் நகர்த்துவேன், பிறகு நீங்கள் நகர்த்துவீர்கள். நீங்கள் யோசிக்கும்போது நான் காத்திருப்பேன். இது நமக்குப் புதிதா? நம் பாட்டிமார் சிமெண்டுத் தரையில் கரிக்கட்டியால் கோடு கிழித்து ஆடிய ஆடுபுலி ஆட்டம் என்ன? 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலி தாவி வெட்டும்; ஆடு வெட்டாது, ஆனால் கூட்டமாய் நின்று வழியை அடைக்கும். பலமில்லாதவன் எப்படி பலமுள்ளவனை அசையவிடாமல் செய்வது என்ற பாடத்தை அதைவிடச் சுருக்கமாக எந்தப் புத்தகமும் சொல்லித் தந்ததாக எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டில் பல கோயில் மண்டபங்களில் கல்தரையில் இந்தக் கட்டம் வெட்டப்பட்டிருக்கிறது. ரோமானியச் சிப்பாய்களும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். கோட்டைகளில் ஓய்வு நேரத்தில் கல்லில் கட்டம் கீறி "லத்ரங்குலி" என்றொரு ஆட்டம் ஆடினார்கள். எதிரியின் காயை நம் இரண்டு காய்களுக்கு நடுவே சிக்கவைத்தால் அது போயிற்று. காவல் முடிந்த சிப்பாயும், பால் எடுத்து முடிந்த பாட்டியும் ஒரே மாதிரிதான் பொழுதைப் போக்கியிருக்கிறார்கள்.

"செஞ்சுரியன்" இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. போர்க்களம், ரதப் பந்தயம் போன்ற காட்சிகள் மட்டும் ஓடும். மற்றதெல்லாம் முறை வைத்துத்தான். ஒரு முறை என்பது ஓர் ஆண்டு.

கம்ப்யூட்டரில் இந்த மாதிரி ஆட்டத்தை யார் முதலில் கொண்டு வந்தார்கள் என்று தேடிப் பார்த்தபோது எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பெரிய விஞ்ஞானியல்ல, தளபதியல்ல. ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை! மேபல் ஆடிஸ் என்று பெயர். நியூயார்க் மாநிலத்தில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுத்தவர். 1964-ல் ஐ.பி.எம். நிறுவனமும் அப்பகுதிக் கல்வி அமைப்பும் சேர்ந்து ஒரு பரிசோதனை செய்தன. பிள்ளைகளுக்குப் பொருளாதாரத்தைக் கம்ப்யூட்டர் மூலம் சொல்லித்தர முடியுமா என்று பார்ப்பது நோக்கம். அந்த அம்மையார் "சுமேரிய விளையாட்டு" என்ற ஒன்றை எழுதினார். ஆடும் பிள்ளை லகாஷ் என்ற பழைய நகரத்தின் அரசன். அறுவடையான தானியத்தில் எவ்வளவை மக்களுக்குச் சாப்பிடக் கொடுப்பது, எவ்வளவை விதைப்பது, எவ்வளவைக் களஞ்சியத்தில் வைப்பது என்று முடிவு செய்யவேண்டும். திரை கிடையாது, தட்டச்சு இயந்திரம் போன்ற ஒன்று பதிலைக் காகிதத்தில் அடித்துத் தரும். அரசன் தப்பாகக் கணக்குப் போட்டால் மக்கள் பட்டினி கிடப்பார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள். இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கில் பணம் புரளும் ஒரு தொழிலின் ஆரம்ப ஏடுகளில் ஒரு வகுப்பறை வாத்தியார் இருக்கிறார் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. நீங்கள் மன்னிக்கவேண்டும்.

சரி, ரோமாபுரிக்கு வருவோம்.

ஆட்டம் தொடங்கும்போது கி.மு. 275. உங்கள் கையில் இத்தாலி மட்டும், ஒரே ஒரு படை. சுற்றிலும் வரைபடம் முழுக்க அந்நிய மாகாணங்கள். நீங்கள் வெறும் நூற்றுவர் தலைவன். மாகாணங்களைச் சேர்க்கச் சேர்க்கப் பதவி உயரும். கடைசியில் சீசர் ஆகலாம். பக்கத்து நாட்டுக்குள் படை போனதும் உடனே வாளை உருவவேண்டியதில்லை. அந்நாட்டுத் தலைவன் எதிரே வந்து நிற்பான். பேச்சு வார்த்தை நடக்கும். புகழ்ந்து பேசலாம், மிரட்டலாம், நயமாகக் கேட்கலாம். சிலர் இனிய சொல்லுக்குப் பணிவார்கள், சிலருக்கு மிரட்டல்தான் புரியும், சிலர் எதற்கும் மசியமாட்டார்கள். இந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகள் எடுத்த எடுப்பில் சண்டைக்குத்தான் போவார்கள். இரண்டு முறை தோற்ற பிறகுதான் "பேசிப் பார்க்கலாமே" என்ற எண்ணம் வரும்.

பேச்சு முறிந்தால் போர். படையை எந்த வியூகத்தில் நிறுத்துவது, நேராக மோதுவதா, பக்கவாட்டில் வளைப்பதா என்று முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும். தெற்கே கார்தேஜ் என்ற நாடு இருக்கிறது. அங்கே ஹானிபால் யானைகளோடு நிற்பான். உண்மைச் சரித்திரத்திலும் ரோமுக்குத் தூக்கத்தைக் கெடுத்தவன் அவன்தான். கி.மு. 218-ல் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டினான். கி.மு. 216-ல் கன்னே என்ற இடத்தில் ரோமானியப் படையை இரு பக்கமும் வளைத்து நடுவில் நசுக்கினான். ஒரே நாளில் ஏறக்குறைய 48,000 ரோமானியர் மாண்டதாக வரலாற்றாசிரியர் லிவி கணக்குச் சொல்கிறார். நம் ஆடுபுலி ஆட்டத்தில் வழியை அடைப்பது போலத்தான். நடுவிலே மாட்டியவனுக்கு வாளை ஓங்கக்கூட இடமிருக்கவில்லை. அத்தனைக்குப் பிறகும் ரோம் சரணடையவில்லை. கி.மு. 202-ல் சாமா என்ற களத்தில் சிப்பியோ என்ற தளபதி ஹானிபாலைத் தோற்கடித்தான்.

விளையாட்டில் சரித்திரப் பிழைகளும் உண்டு. எகிப்துக்குப் போனால் கிளியோபாட்ரா வரவேற்பாள். அவளோடு இனிமையாகப் பேசி நாட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். கிளியோபாட்ரா பிறந்தது கி.மு. 69-ல். ஆட்டம் தொடங்குவது கி.மு. 275-ல். நன்றாக ஆடுகிறவன் அவள் பிறப்பதற்கு நூற்றைம்பது வருடம் முன்னாலேயே அவள் அரண்மனை வாசலில் நிற்பான்! இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். பாடப்புத்தகத்தில் பிழை கண்டுபிடிக்கும் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது. தேதியைப் பார்ப்பதற்காகவாவது ஒரு புத்தகத்தைப் புரட்டுவார்கள்.

இந்தியா இந்த வரைபடத்தில் இல்லை. கிழக்கே பார்த்தியா பக்கத்தோடு உலகம் முடிந்துவிடுகிறது. இது எனக்கு வருத்தமில்லை, நியாயமும்கூட. ரோம் நம்மை வென்றதே இல்லை. வந்தார்கள், வியாபாரத்துக்கு வந்தார்கள். யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியச் சாடிகளும் இத்தாலியப் பாண்டங்களும் கிடைத்தன. முசிறித் துறைமுகத்திலிருந்து சரக்கேற்றிப் போன "ஹெர்மபோலோன்" என்ற கப்பலின் கணக்கு, கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரஸ் தாளில், இன்றும் வியன்னாவில் ஒரு நூலகத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று பிளினி என்ற ரோமானியர் முதலாம் நூற்றாண்டில் புலம்பியிருக்கிறார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது புதுக்கோட்டைப் புதையல். 1898-ல் கிடைத்தது, ஐந்நூறுக்கு மேற்பட்ட ரோமானியத் தங்கக் காசுகள். அவற்றில் மிகப் பலவற்றில் சக்கரவர்த்தியின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு! இனி இது காசாகப் புழங்கவேண்டாம், தங்கமாக இருந்தால் போதும் என்று யாரோ வெட்டியிருக்கிறார்கள் என்பது அறிஞர்கள் கருத்து. உலகமே நடுங்கிய சீசர் முகத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்து நிதானமாக உளி வைத்திருக்கிறார்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, இந்த விளையாட்டில் என் மனத்தை உறுத்தும் இடத்தையும் சொல்லவேண்டும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஒரு மாகாணத்தைப் பிடித்துவிட்டீர்கள். இனி அங்கிருந்து எவ்வளவு கப்பம் வாங்குவது என்பது உங்கள் கையில். கூட்டினால் கஜானா நிரம்பும், அடுத்த படை கட்டலாம். ஆனால் மக்களின் மனநிலை இறங்கும். இறங்கிக்கொண்டே போனால் ஒரு நாள் கலகம். ரோமாபுரி மக்களைச் சமாதானப்படுத்த வேறொரு வழியும் இருக்கிறது. கேளிக்கை! கிளாடியேட்டர்களை மோதவிடலாம், ரதப் பந்தயம் நடத்தலாம். இதெல்லாம் கற்பனையல்ல. ரோமில் சர்க்கஸ் மாக்சிமஸ் என்ற பந்தயத் திடலில் ஒன்றரை லட்சம் பேர் உட்காரலாம் என்று அக்கால எழுத்தாளர் ஒருவர் குறித்திருக்கிறார். கி.மு. 123-ல் கையஸ் கிராக்கஸ் காலத்திலிருந்து நகர மக்களுக்கு மலிவு விலையில் தானியம் கொடுத்தார்கள். அந்தத் தானியம் எங்கிருந்து வந்தது? சிசிலித் தீவிலிருந்து நிறைய வந்தது. ரோமின் முதல் மாகாணம் அது. கி.மு. 241-ல் கார்தேஜிடமிருந்து பிடித்தார்கள். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு வரி.

சிசிலியில் என்ன இருந்தது தெரியுமா? தோட்டங்கள்! ஆம், பெரிய பெரிய தோட்டங்கள். பல தேசங்களிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள் அங்கே வேலை செய்தார்கள். சூடு போட்டார்கள், உடுக்கத் துணி தரவில்லை. கி.மு. 135-ல் என்னா என்ற ஊரில் சிரியா தேசத்து அடிமை யூனஸ் என்பவன் தலைமையில் அவர்கள் எழுந்தார்கள். பல்லாயிரம் பேர் சேர்ந்தார்கள். வந்த ரோமானியப் படைகளை மீண்டும் மீண்டும் தோற்கடித்தார்கள். கி.மு. 132 வரை ரோமால் அடக்க முடியவில்லை.

விளையாட்டில் யூனஸ் இல்லை. சிசிலி ஒரு வண்ணக் கட்டம். அதைத் தொட்டால் எவ்வளவு பணம் வரும், மக்கள் சந்தோஷமா கோபமா என்று காட்டும். அவ்வளவுதான்.

வாசகர்களே, நாம் யார்? பினாங்குத் தீவுக்கு எதிரே இருக்கும் நம் நிலத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் என்ன? புரொவின்ஸ் வெல்லெஸ்லி! 1800-ல் கெடா சுல்தானிடமிருந்து வாங்கி, அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர் பெயரை வைத்தார்கள். "புரொவின்ஸ்" என்பது ரோமானியர் தாங்கள் வென்ற நாட்டுக்கு வைத்த அதே சொல்தான். லத்தீனில் "ப்ரோவின்கியா". இந்த மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தார்கள். அந்த ஒப்பந்தமுறை ஒழிந்தது 1910-ல். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லண்டனில் ஒருவர் பேரேட்டைத் திறந்து பார்த்தபோது நம் தாத்தா ஒரு வண்ணக் கட்டத்துக்குள் ஒரு எண். தோட்டத்தில் கள்ளுக்கடை எதற்கு இருந்தது? மாதத்துக்கொரு முறை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்களே, அது எதற்கு? எம்.ஜி.ஆர். படத்தில் நானும் கைதட்டியவன் மகன்தான்; அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்லவில்லை. கணக்கில் அது எந்தப் பத்தியில் எழுதப்பட்டது என்று மட்டும் யோசிக்கிறேன்.

அப்படியானால் பிள்ளைகள் இதை ஆடக்கூடாதா? ஆடவேண்டும் என்றே சொல்வேன். தாத்தா பிரட்டுக்கு நின்ற வரிசையைப் பற்றி நாம் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைக்குக் கதை கேட்பது போலத்தான் இருக்கும். துரையின் நாற்காலியில் ஒரு முறை உட்கார்ந்து பார்க்கட்டும். கஜானா காலியானால் எவ்வளவு சுலபமாக வரியைக் கூட்டத் தோன்றுகிறது, கலகம் வந்தால் எவ்வளவு சீக்கிரம் "படையை அனுப்பு" என்று விரல் போகிறது! தன் விரலே அப்படிப் போவதைப் பார்த்தால்தான் அதன் அர்த்தம் விளங்கும். பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்து, "அந்த மாகாணத்தில் இருக்கிறவன் இன்று இரவு என்ன சாப்பிட்டிருப்பான்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்தப் பெட்டிகள் எங்கோ அமெரிக்காவில் முளைத்தவை என்று நினைத்துவிடாதீர்கள். ஐ.பி.எம். ரகக் கம்ப்யூட்டர்களின் மூளை இண்டெல் சில்லு. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைத் திறந்தது எங்கே? 1972-ல், நம் பாயான் லெப்பாஸில்! தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை நுண்பெருக்கியில் கண் வைத்து ஒட்டிய பெண்கள் கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் ஆலைப் பேருந்தில் போனவர்கள். உங்கள் அத்தையோ சித்தியோ அதில் ஒருவராக இருக்கலாம். கண் எரிச்சலோடு இரவு வேலை முடிந்து வந்தவர்கள், தாங்கள் செய்த பொருள் எங்கே போகிறது என்று அறியாமலே போனார்கள். உங்கள் பையன் விளையாட்டுத் திரையைப் பார்க்கும்போது இதையும் அவனுக்குச் சொல்லுங்கள். அத்தையையே சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது.

இப்போது வீட்டுக்கு உதவும் விஷயம். "செஞ்சுரியன்" இன்று கடையில் தேடினால் கிடைப்பது அரிது. பழைய கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் "டாஸ்பாக்ஸ்" என்ற இலவச நிரலை வைத்து அக்காலத்து விளையாட்டுகளை ஓட்டுகிறார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த அண்ணன் இருந்தால் அவருக்கு இது போதும். கைப்பேசி மட்டும் உள்ள வீடுகளுக்கு "அன்சிவ்" என்று ஒன்று இருக்கிறது. முறை வைத்து ஆடும் சாம்ராஜ்ய விளையாட்டு. ரோமாபுரியாகவும் ஆடலாம், வேறு நாடாகவும் ஆடலாம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, இணையம் இல்லாமலும் ஓடும். வைரம் வாங்கச் சொல்லி நச்சரிக்காது. கம்ப்யூட்டரில் "ஃப்ரீசிவ்" என்பதும் இலவசம்தான். இரண்டுக்கும் வழிகாட்டி 1991-ல் வந்த "சிவிலைசேஷன்" என்ற புகழ்பெற்ற விளையாட்டு. அதன் ஏழாம் பதிப்பு 2025-ல் வந்திருக்கிறது. அதில் சோழ நாடும் இருக்கிறது. காலம் மாறுகிறது, பாருங்கள்! விலை நம் கைக்கு எட்டாது என்பது வேறு விஷயம்.

இலவசம் என்றாலும் நேரம் இலவசமில்லை. "இன்னும் ஒரே ஒரு முறை" என்று சொல்லிச் சொல்லியே நள்ளிரவாகிவிடும். முறை வைத்து ஆடும் ஆட்டத்தின் பெரிய ஆபத்து இதுதான், பெரியவர்களுக்கும்தான். மணி நேரம் கணக்குப் பார்க்காதீர்கள், முறையைக் கணக்கு வையுங்கள். இருபது முறை, பிறகு நிறுத்தம். எந்த இடத்திலும் நிறுத்திச் சேமித்துவிட்டு நாளை தொடரலாம். ஆகவே "இப்ப நிறுத்தினா செத்துருவேன்" என்ற அழுகைக்கு இடமில்லை. பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் என்ன செய்தான், ஏன் செய்தான் என்று ஒரு வரி எழுதவேண்டும். தமிழில் எழுதட்டும். கட்டுரை எழுதவராத பையன்கள் இதில் இரண்டு பக்கம் எழுதுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கைப்பேசியே கொடுக்க விருப்பமில்லை என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை பாடம் முடிந்த பிறகு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளோடு நான் இதைத் தரையில் ஆடுகிறேன். சுண்ணாம்புக்கட்டியால் மத்தியதரைக் கடல், அதைச் சுற்றி ஒன்பது மாகாணம். புளியங்கொட்டைதான் பணம், சோடா மூடிதான் படை. ஒரே ஒரு மாற்றம் செய்தேன். மாகாணங்கள் வெறும் கட்டமில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் பத்துக் கொட்டை விளையும். ரோம் கேட்டதைக் கொடுத்துவிட்டு மீதியில் தன் குடும்பம் பிழைக்கவேண்டும். ஐந்துக்குக் கீழே போனால் பட்டினி.

ரோமுக்கு மூன்று பையன்கள். முதல் வாரம் இரண்டு கொட்டை கேட்டார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. கார்தேஜோடு சண்டை வந்ததும் நான்கு கேட்டார்கள். பிறகு ஆறு. சிசிலியில் உட்கார்ந்திருந்தது, வகுப்பில் வாயே திறக்காத ஒரு சின்னப் பெண். அவள் தாயார் வெளிக்காட்டு வேலைக்குப் போகிறவர். கையிலிருந்த பத்துக் கொட்டையையும் பாவாடைக்குள் மூடிக்கொண்டு, "குடுக்கமாட்டேன்" என்றாள்.

"படை அனுப்புவோம்" என்றான் ரோமில் ஒருவன்.

"அனுப்பு. ஒங்க படைக்குச் சோறு எங்கேருந்து வருது? எங்கிட்டேருந்துதானே!" என்றாள்.

மூன்று பையன்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன். பக்கத்து மாகாணமான சார்டினியா தன் கொட்டைகளையும் மெதுவாக மூடிக்கொண்டது. ரோம் தனியாக மூலைக்குப் போய் ஆலோசனை நடத்தியது. இரண்டு கொட்டைக்கு இறங்கி வரலாமா, அல்லது கார்தேஜோடு சமாதானம் பேசிவிட்டுப் படையைத் திருப்பலாமா என்று வாக்குவாதம். அதற்குள் பள்ளிப் பேருந்து வந்து ஹாரன் அடித்துவிட்டது. கொட்டைகளை அந்தந்த மாகாணத்தின் பெயர் எழுதிய டின்களில் போட்டு அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை ரோமின் முறை.